நூற்றி

சம்மாந்துறையில் பெரும்போகம் அறுத்து முடிந்த மாதம்.
மில்லின் மூன்றாம் தொட்டிக்கு
நான் ஒரு கதவு செய்திருந்தேன்.
கைப்பிடி இல்லாத கதவு.
காரைதீவிலிருந்து பெற்றோல் டாங்கியில் கட்டிக் கொண்டுவந்த
உள்ளங்கையளவு பலகையின் சொல் கேட்டுப்
படிப்படியாகக் கிறுகும்.

மடிக்கணினியில் 125 என்று தட்டினேன்.
கதவு கிறுகி நின்றது,
கிறுகி நின்றது,
இன்னொருமுறை கிறுகியது.
நெல் சாக்கின் வாய் மீறி
ஜெஸீலாவின் செருப்பில் ஏறிற்று.

கணக்கியின் சிவப்பு இலக்கத்தைப் பார்த்து
அவள் கொப்பியில் எழுதினாள்: 152.

"ஐந்தும் இரண்டும் இடம் மாறிப் போச்சு" என்றேன்.
"கண்டதத்தான் எழுதின நான்."
கணக்கியை அதற்குள் பூச்சியமாக்கியிருந்தேன்.
அடிமட்டம் வைத்து நேராக வெட்டி
125 என்று எழுதினாள், எனக்காக.
இரண்டாம் சாக்குக்கும் அப்படியே.
மூன்றாவதில் ஏணியால் இறங்கி
நானே போய்ப் பார்த்தேன்.
152.

வயருக்குள் நூற்றிருபத்தைந்து என்று எதுவும் போவதில்லை.
ஒன்று போகும். பிறகு இரண்டு. பிறகு ஐந்து.
அதுவும் ஒன்று அல்ல, ஒன்றின் உருவம்;
இடாப்பில் அதற்கு நாற்பத்தொன்பதாம் இலக்கம்,
இரண்டுக்கு ஐம்பது, ஐந்துக்கு ஐம்பத்து மூன்று.
பலகை பெயரைக் கேட்கவில்லை,
இடாப்பு இலக்கத்தைக் கேட்டு
மூன்று முறை கிறுகியிருக்கிறது.
சிமெந்துப் பையின் பின்புறத்தில் கூட்டிப் பார்த்தேன்.
நூற்றி ஐம்பத்திரண்டு.
இயந்திரத்தின் பிழை
ஒரு பெண்ணின் கைப்பிழைபோல
இத்தனை அச்சாக வேடம் கட்டும் என்று
நான் நினைத்திருக்கவில்லை.

நாற்பத்தெட்டைக் கழித்துவிட்டுத் திரும்ப அனுப்பினேன்.
ஒன்று, இரண்டு, ஐந்து: மொத்தம் எட்டுப் படி.
கதவு கண் சிமிட்டியது. ஒரு பிடி நெல்.
உதுமாலெவ்வை முதலாளி எட்டிப் பார்த்து
"கோழிக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சரி.
கையில் உள்ளதைப் பத்தால் பெருக்கு,
வந்ததைக் கூட்டு.
ஒன்று.
பன்னிரண்டு.
நூற்றிருபத்தைந்து.
ஆனால் எப்போது கிறுகுவது?
எண் முடிந்ததென்று யார் சொல்வது?
அடுத்த இலக்கம் வந்துகொண்டிருக்கிறதா,
அனுப்பியவன் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டானா,
பலகைக்குத் தெரியாது.

அந்த நேரம் லொறித் தராசடியில்
ஜெஸீலா நிறை சொல்லிக்கொண்டிருந்தாள்.
தட்டில் இரண்டு சாக்கு.
"நூற்றி" என்றாள்,
தவிடு தொண்டையில் ஏறி இருமல் பிடித்துக்கொண்டது.
றமீஸும் தவராசாவும் குனிந்த முதுகோடு
அப்படியே நின்றார்கள்.
லொறிக்காரரின் பேனை தாளுக்கு மேலே நின்றது.
பெல்ட் ஓடியது, உமி பறந்தது,
ஒருவரும் சாக்கைத் தொடவில்லை.
"பதினெட்டு."
தூக்கினார்கள்.

நூறு என்றிருந்தால் அப்போதே தூக்கியிருப்பார்கள்.
நூறு தாழ்ப்பாள் போட்டது.
நூற்றி, நிலையில் கால் வைத்துக்கொண்டு
பின்னால் வருகிறவரைப் பார்க்கிறது.
இருபது உட்கார்ந்துவிடும்,
இருபத்திக்கு ஆள் வேண்டும்.
ஆயிரத்தி என்று ஒருவர் இழுத்தால்
கடை முழுக்கக் காது கொடுக்கும்.
இது எங்கள் வாய்க்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.
வயரில் ஒன்றுக்கு ஒரே முகம்,
தனியே வந்தாலும்
நூறின் தலையாய் வந்தாலும்.

ஆகவே கடைசியில் ஒரு வரிமுறிவு வைத்தேன்.
திரையில் தெரியாது.
இடாப்பில் பத்தாம் இலக்கம்.
அது வரும்வரை பெருக்கு, கூட்டு, பொறு.
வந்ததும் கிறுகு.

125, முறிவு.
கதவு ஒரே மூச்சில் கிறுகியது.
சாக்கு கழுத்துவரை நிறைந்தது.
செருப்பில் ஒரு மணி இல்லை.

"அந்த மூன்றும் 152தான்" என்றேன்.
ஜெஸீலா அடிமட்டத்தை எடுத்தாள்,
என் 125களை ஒவ்வொன்றாக வெட்டி
பக்கத்தில் பழையதை எழுதினாள்.
கொப்பி பார்க்க அழகாயில்லை.
"நான் உங்கள..." என்று தொடங்கினேன்,
மேலே வரவில்லை.
பேனை மூடியைக் கையில் பிடித்தபடியே
அவள் கேட்டாள்:
"மறுகா?"