மூன்றாம் பாகத்துக் காவல்காரன்

பகாவுக்கு வெளியே செம்பனை ஆலை.
நிறைமேடையோரம் என் மேசை.
குலையோடு ஒரு எடை, குலை இறக்கி ஒரு எடை,
கழித்து எழுதுவதற்குச் சம்பளம்.

அந்தச் சன்னல் வழியாகத்தான் வந்தன
பன்னிரண்டு பாகங்களும்.
சன்னாசி சிரம்பானில் வாங்குவார்.
லோரி வரிசை நகராத மத்தியானங்களில்
ஸ்டேரிங்மேல் விரித்து வைத்துப் படிப்பார்.
முடித்ததும் எடைச்சீட்டோடு சேர்த்து நீட்டுவார்:
"கிராணியம்மா, பாலைவனம் வருது, தண்ணி வச்சுக்குங்க."

முதல் பாகம் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு.
இரண்டு நிலவு, உப்பைத் தின்னும் பறவை,
கண்ணாடிக் கப்பலில் தப்பியோடும் நேயாழி.
பசியாற மறந்து படித்தேன்.
தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது.

மூன்றாம் பாகம், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
ஓடுகிற அவசரத்தில் நேயாழி
வடக்குக் கதவில் ஒருவனை நிறுத்துகிறாள்.
பெயர் ஒதியன். வயது இல்லை, ஊர் இல்லை,
இடது காதில் மட்டும் ஒரு வெட்டு.
"நான் திரும்பி வரும்வரை நில்" என்கிறாள்.
நிற்கிறான்.

நான்கில் போர். அவன் இல்லை.
ஐந்தில் கல்யாணம், பந்தியே நாற்பது பக்கம்,
அவன் சாப்பிட்டானா என்று ஒரு வரி இல்லை.
ஆறாம் பாகம் வெள்ளத்தில் போய் வந்தது.
ஒட்டிக்கிடந்த தாள்களைப் பிளேடால் பிரித்தேன்,
ஒருவேளை உள்ளே இருப்பானோ என்று.
ஏழும் எட்டும் மூடுபனியில் நடந்தே தீர்ந்தன.
"எழுதுறவருக்கு வீட்டுக் கடன் போல" என்றார் சன்னாசி.
ஒன்பதில் நேயாழி செத்தாள்.
பத்தில் செத்தது அவள் இல்லை என்றார்கள்.

முன்கதை சொன்ன வருங்காலம்கூட வந்து போய்விட்டது.
இரண்டாயிரத்து ஒன்பதில் கடல்மேல் நகரம் மிதக்குமாம்.
அந்த வருஷம் எங்கள் தாமானுக்குப் புதுக் குழாய் போட்டார்கள்,
தண்ணீர் அடுத்த வருஷம் வந்தது.

அக்கா மகன் ஷர்வின் நான்கோடு நிறுத்திக்கொண்டான்.
மீதிக் கதையைக் கைப்பேசியில்
இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொண்டான்.
ஒதியன் என்றேன்.
யாரு அது என்றான்.

கடைசிப் பாகத்தைச் சன்னாசி பிரிக்காமலே தந்தார்.
கண்ணில் புரை.
"அவன் இருக்கானான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."
இத்தனை வருஷத்தில் அவனைப் பற்றி
நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.
எவன் என்று நானும் கேட்கவில்லை.

இல்லை.
இரண்டு நிலவும் ஒன்றாயின. பறவைகள் பாடின. முற்றும்.

லோரி வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை
பன்னிரண்டையும் நிறைமேடையில் அடுக்கிப் பார்த்தேன்.
பூஜ்யம்.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.

போன மாதம் மறுபடி முதலிலிருந்து எடுத்தேன்.
கண்ணாடிக் கப்பல் சின்னதாகிவிட்டது.
நேயாழி ரொம்பப் பேசுகிறாள்.
எதிரி போடுகிற கணக்கு சில இடங்களில் சரி.
அன்று சலித்துத் தள்ளிய எட்டாம் பாகத்து மூடுபனிதான்
இன்று பிடித்திருக்கிறது.
விடிகாலை ஆலை வாசலில் அதே பனி;
விளக்கு முதலில் வரும்,
கொஞ்சம் கழித்துத்தான் லோரி.

மூன்றாம் பாகம் தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்தது.
உள்ளே ஒரு எடைச்சீட்டு,
என் கையெழுத்து, தேதி அழிந்து.

பன்னிரண்டாம் பாகத்தின் கடைசி வெற்றுத்தாளில்
பென்சிலால் எழுதினேன்:
"ஒதியா, கதவைச் சாத்தியாயிற்று. நீ போகலாம்."

புரை எடுத்த கண்ணுக்கு எழுத்து தெரிகிறதா பார்க்க
சன்னாசி அதை வாங்கிப் போனார்.
வியாழக்கிழமை சன்னல் வழியாகத் திரும்பி வந்தது.
என் வரிக்குக் கீழே, நீலப் பேனாவில், கோணல்மாணலாக:

"எங்க போவான்? கடைசி பஸ் போயிடுச்சு.
விடியட்டும், லோரியில ஏத்திக்கிறேன்."