பரல்

மேப்பில் பார்த்தால் பவளக்காரத் தெரு.
நேரில், ஒன்றுக்கொன்று வழிவிடாத
இரண்டு லாரி, ஒரு மீன்பாடி வண்டி.
மூன்றாம் மாடியில் என் மெழுகு, என் ஊசிகள்.

பவளம் விற்க இங்கே வந்து குடியிருந்தவர்களில்
தன் பாட்டனுக்குப் பாட்டன் ஒருவர் என்கிறாள் ஷிரா.
எந்த வீடு என்று கேட்டாள்.
வாசலில் வரிசையாய்த் தொங்கும்
கரண்ட் மீட்டர்களைப் படமெடுத்து அனுப்பினேன்.

அவள் அனுப்பிய படங்களை
போனில் விரலால் விரிக்கிறேன்:
மண்ணுக்கடியில் கிடந்த ஒரு தரை,
கடுகளவு கற்களைக் கூட்டி ஒரு விளக்கு,
பக்கத்தில் ஊதுகிற ஆட்டுக் கொம்பு,
விரியாத பேரீச்சங் குருத்து.
இன்னொன்றில் தேய்ந்த வெள்ளிக் காசு,
ஒரே காம்பில் மூன்று மாதுளை மொட்டு.

"இன்னாக்கா இது, வஞ்சிர முள்ளா?"
விளக்கைத் தொட்டுக் கேட்டான் ஏழுமலை.
அப்புறம் எனக்கும் முள்ளாகவே தெரிந்தது.
நடுத்தண்டு, இருபுறமும் வளைந்தேறும் கிளைகள்.
காசிமேட்டில் தின்று முடித்த தட்டுகளில்
எத்தனை விளக்கைக் கழுவி ஊற்றியிருக்கிறேன்.

செய்ய வேண்டியது ஒரு வாசனைப் பெட்டி.
உள்ளங்கை உயர வெள்ளி மாதுளை,
தலையில் அதன் கிரீடம்,
வயிற்றில் ஏழு கிளை விளக்கு,
கிளைகளின் இடுக்கில் துளைகள்,
உள்ளே கிராம்பு.
சனிக்கிழமை இருட்டி
மூன்று நட்சத்திரம் முளைத்தபின்
கைக்குக் கை மாற்றி முகர்வார்களாம்,
ஓய்வுநாள் போகிறதே என்று
வாடும் உயிருக்கு ஒரு தேறுதல்.

எங்களுக்குச் சனிக்கிழமை இருட்டினால்
வாரக்கூலி.
நட்சத்திரம் மண்ணடியில் தெரிவதில்லை.
சேட்டின் லைட் அணைவதை வைத்துத்தான் கணக்கு.

முதல் மெழுகில் என் கை
ஐந்து கிளையோடு நின்றுவிட்டது.
குத்துவிளக்குப் பழக்கம்.
"ஏழு என் பேர்லயே கீதேக்கா,
ஒரு தபா கூப்ட்டுப் பாத்திருக்கலாம்ல?"
உருக்கிவிட்டுத் திரும்பச் செதுக்கினேன்.

ஷிரா ஒரு குறிப்பும் எழுதியிருந்தாள்:
பழைய கோயிலில் பெரிய குருவின் அங்கி ஓரத்தில்
மாதுளை, மணி, மாதுளை, மணி.
நடந்தால் கேட்கும்.
மணி வேண்டாம், எடை ஏறும் என்று
பதில் போட்டது நான்தான்.

வார்த்து, ராவி, பாலிஷ் முடிந்து
கோவிந்தப்ப நாயக்கன் தெருக் கிராம்பு ஐம்பது கிராம்
வாங்கி வந்து நிரப்பினேன்.
முகர்ந்தேன். பல்லுவரை ஏறியது.
ஏழுமலையிடம் நீட்டினேன்.
பதினோரு வருஷம் ஆசிட் தொட்டிமேல் குனிந்த மூக்கு.
"ஒண்ணும் வர்லக்கா" என்றான்,
சாப்பாடு வரவில்லை என்பதுபோல.
காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தான்.
கிராம்பு பேசவில்லை.

மறுநாள் பெட்டி என் மேசையில்.
தூக்கியபோது உள்ளே ஏதோ உருண்டது,
தகர டப்பாவில் ஒற்றைப் பல்லைப்போல.
அடித்தட்டைக் கழற்றி,
அரப்பொடியைப் பொறுக்கி ஊதி உருட்டி
ஒரு பரல் போட்டிருக்கிறான்.
திரும்பப் பொடி வைத்து ஊதிய இடம்
எனக்கே தெரியவில்லை.
கேட்டதற்கு, "கேக்குதுல்ல?" என்றான்.

தராசில் அரை கிராம் கூட.
"உள்ளே ஒரு பரல் இருக்கிறது. பிழையல்ல.
மூக்கு போனவர்களுக்கு" என்று அடித்தேன்.
கடைசி வரியை அழித்தேன்.
திரும்ப அடித்தேன்.
அனுப்பியபின்தான் பார்த்தேன், வெள்ளி சாயங்காலம்.
நாளை நட்சத்திரம் வரும்வரை
அவள் போனைத் தொடமாட்டாள்.

சனி. கூலி வரிசையில்
ஏழுமலைக்குப் பின்னால் நிற்கிறேன்.
அந்தத் தரையில் கல் பதித்தவன்
ஏழாவது கிளைக்குச் சேர்த்துக் கூலி கேட்டானா,
கொடுத்தார்களா?
சட்டைப் பையில் போன் அதிர்கிறது.
முதலில் நோட்டை எண்ணிக்கொள்கிறேன்.