முதல் சுற்று, ஏழாவது பெயர்

ருவைஸ். ஏப்ரல். விடிகாலை நாலு மணி சொச்சம்.
ஷட்டவுன் தொடங்கிப் பதினோராம் நாள்.
கிளினிக் என்பது ஒரு போர்ட்டகேபின்,
ஒழுகும் ஏசிக்குக் கீழே ஒரு வாளி.
அதில் விழும் சொட்டுகளை எண்ணித்தான்
என் இரவுப் பணி கழியும்.

கர்ட்டிஸின் போனுக்குள் இன்னும் வியாழக்கிழமை.
கோட்டு போட்ட பையன்கள் ஒவ்வொருவராய் மேடையேறி
தொப்பி வாங்கி
அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.
ஏழாவது முறை அவருடைய அணிக்கு.
பெயரை வாசித்ததும்
சேஃப்டி ஹெல்மெட்டைக் கழற்றி
என் பஞ்சு டப்பா மேல் எறிந்தார்.
"ரன்னிங் பேக்! ஏழாவது இடத்தில் போய் ஒரு ரன்னிங் பேக்!"

மூன்று ஷட்டவுன் அவரோடு டீ குடித்ததில்
எனக்கும் கொஞ்சம் தெரியும்.
பந்தை எறிகிறவன் நாற்பதிலும் எறிவான்.
பந்தை நெஞ்சோடு அணைத்து
நூற்று நாற்பது கிலோ ஆட்களுக்கு நடுவே
இல்லாத சந்தில் புகுந்து ஓடுகிறவனுக்கு
இருபத்தேழில் முழங்கால் போய்விடும்.

"நாலாவது சுற்றில் இதே மாதிரி ஒருத்தன் கிடைப்பான்,
மலிவாக.
வழி திறந்துவிடுவது முன்னால் நிற்கிற தடியன்கள்,
ஓடுவது யாராயிருந்தால் என்ன?"

கணக்கு சரி. தலையாட்டினேன்.
முழங்காலின் உள்ளே இரண்டு பிறை,
கிழிந்தால் லேசில் ஒட்டாத பிறை,
எனக்குத் தெரியாததா.

அப்போதுதான் வேல்ராசு வந்தார்.
சாரம் கட்டுகிறவர். வயது முப்பத்தொன்று.
அறுபது மீட்டர் கோபுரத்துக்கு
இரும்புக் குழாயைத் தோளில் ஏற்றுகிறவர்.
பேண்ட்டைச் சுருட்டினால்
வலது முட்டி நுங்கு மாதிரி ததும்பியது.
"ஸ்ப்ரே அடிச்சு விட்டாப் போதும் சிஸ்டர்.
ஃபிட்டுன்னு மட்டும் எழுதிருங்க.
பதினெட்டாந்தேதி ரினீவல்."

இவரையும் ஒருநாள் எடுத்தார்கள்.
திருச்சியில் ஒரு கல்யாண மண்டபம்,
குழாயும் ஏணியும் ஸ்டாப்வாட்சுமாக.
நூற்றிருபது பேரில் முதலில் வாசித்த பெயர் இவருடையது.
ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாராம்.
விமானம் ஏறிய பிறகுதான் தெரிந்தது,
முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும்
அதே ஆயிரத்து நூறு திர்ஹம்.

ஐஸ் பையை அழுத்திக்கொண்டே கேட்டேன்:
"அந்தப் பையனுக்குப் பணம் எப்போது?"
"கையெழுத்துப் போட்டதும் பெரும்பாகம்."
"முட்டி போய்விட்டால்?"
"போனாலும் அவனுக்குத்தான்."
"நாலாவது சுற்றென்றால்?"
கர்ட்டிஸ் கையை விரித்துச் சிரித்தார்.

அப்படியானால் ஏழாவதே தாமதம் என்றேன்.
முதல் ஆளாகவே எடுத்திருக்க வேண்டும்.
இருக்கிற முட்டிக்கு இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும்.

"அணிக்கு நஷ்டம்."
"அணிக்கு முட்டி கிடையாதே."

அவர் பதில் சொல்லவில்லை.
நானும் ஜெயித்துவிடவில்லை.
ஃபாரத்தில் இருப்பது இரண்டே கட்டம்:
ஃபிட். அன்ஃபிட்.
அன்ஃபிட் என்றால் டிக்கெட்.
கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்து வெள்ளையில் எழுதினேன்,
'மூன்று வாரம் டூல் ரூம். ஏணி கூடாது.'
அது செல்லுபடியாக
சேஃப்டியின் கையெழுத்து வேண்டும்.

கர்ட்டிஸுக்குத் தமிழ் தெரியாது. முட்டி தெரியும்.
பள்ளிக்கூடத்தில் அவரும் பந்தோடு ஓடியவர்;
இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார்.
பேனாவை வாங்கியவர்
மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.
டூல் ரூமில் ஏற்கெனவே நாலு பேர்.

போனில் எட்டாவது பெயர்.
யாருடைய அம்மாவோ அழுதாள்,
நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

வாளி நிரம்பி வழியத் தொடங்கியிருந்தது.
வேல்ராசுதான் முதலில் எழுந்தார்,
வலது காலை ஊன்றாமல்,
அதைத் தூக்கிப்போய் வெளியே கொட்ட.