என்னவாம்?

பொரளைக்கு ஓட்டோவில் போனோம்.
மூன்று பேர் இருக்கிற பின்சீட்
எங்கள் இருவருக்கே காணாது.
கொறெற்றி அக்கா மீற்றரைப் பார்த்தபடியே வந்தா.
"இதுவும் கூடிக்கொண்டுதான் போகுது."

மன்னாரிலிருந்து வந்து பதினாலு வருஷம்.
வெள்ளவத்தையில் சிங்களம் இல்லாமலே
மீன் வாங்கலாம், பூசை காணலாம்,
வாடகைக்குச் சண்டை பிடிக்கலாம்.
மார்பில் ஒரு கட்டிக்குத்தான்
மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது.
அக்கா நாலாம் மாடி, நான் மூன்றாம் மாடி.
துறைமுகப் பக்கம் ஒரு கம்பனியில்
கடிதம் மொழிபெயர்ப்பவள்:
கொள்கலன், தாமதக் கட்டணம், சேதமடைந்த பொதிகள்.

கட்டி சிறிசாம், வெட்டலாமாம்,
நேரத்தோடு வந்திட்டீங்களாம்.
அதை ஆறவிடாமல் அக்காவின் கையில் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு,
"ஏன் வந்ததெண்டு கேள்" என்றா.

டொக்டர் உதேனி தாளில் ஒரு வட்டம் கீறினா.
மாதவிடாய் நின்றதும்
சூலகம் தன் கடையைப் பூட்டிவிடுமாம்.
ஆனால் கொழுப்பு
சும்மா கிடக்கிற சாமான் இல்லையாம்.
அது தன்பாட்டில் ஈஸ்ட்ரஜன் செய்யுமாம்.
"என்னவாம்?"
போயா அன்றைக்கு பார் பூட்டியிருக்கும், அக்கா,
பின்பக்க ஷட்டர் பாதி திறந்திருக்குமே, அப்படி.
அக்கா சிரித்துவிட்டா.
செத்துப்போன பெனடிக்ற் அண்ணன்
அந்த ஷட்டருக்குக் கீழால் குனிந்து குனிந்தே
முதுகு வளைந்தவர்.
ஏன் சிரிப்பு என்று டொக்டர் கேட்டா.
அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

லெப்டினுக்கு என்னிடம் தமிழ் இல்லை.
"போதும்" என்று கொழுப்பு
மூளைக்கு அனுப்புகிற செய்தியாம் அது.
கொழுப்பு கூடக்கூடச் செய்தியும் கூடுமாம்,
மூளைக்குக் காது மந்தமாகுமாம்.
பந்தியில் இலைக்கு மேல் கையை மறித்துப்
போதும் போதும் என்கிறோம்,
அகப்பைக்குக் கேட்கிறதா?
மூளை கேளாத சத்தத்தை
மார்பின் கலங்கள் கேட்குமாம்.
கேட்டு, "வளர்" என்று விளங்கிக்கொள்ளுமாம்.

மோசமான மொழிபெயர்ப்பாளர்கள்.

அடிப்போனெக்டின் என்று இன்னொன்று,
காவலுக்கு நிற்பதாம், உடம்பு வைக்க வைக்க
அது மெலியுமாம்.
பெயர் என் வாயிலேயே உடைந்தது.

பிறகு "ரிஸ்க்" என்றா டொக்டர்.
அங்கேதான் நான் தட்டுப்பட்டு நின்றேன்.
ஆபத்து என்றால், இப்பவே வீடு எரிகிற மாதிரி.
அபாயம், ட்ரான்ஸ்ஃபோமரில்
மண்டையோட்டுக்குக் கீழே எழுதியிருப்பது.
வாய்ப்பு என்றால் லொத்தர் விழப்போகிற மாதிரி.
கடைசியில் "சான்ஸ்" என்றேன்.
சான்ஸ் கொஞ்சம் கூட, அவ்வளவுதானாம்.

அக்கா மேசைக் கண்ணாடியை நெடுநேரம் பார்த்தா.
"அப்ப நான் திண்டே வரவழைச்சனானோ?"

டொக்டருக்குத் தமிழ் தெரியாது.
நான் வாய் திறக்க முன்னமே
இல்லை என்று தலையாட்டினா.
ஒரு ஆளைக் காட்டி அப்படிச் சொல்ல ஏலாதாம்.
வெளியே வாங்கில் இருப்பவர்களில்
ஈர்க்குப் போல மெலிந்தவர்களும் உண்டாம்.
கயிற்றில் பல புரியாம், இது ஒரு புரியாம்,
எங்கள் கைக்கு எட்டுகிற புரியாம்.

எட்டுகிறது. எனக்கு விளங்கியது.
"எங்கட வயசில, அக்கா,
ஏறின கிலோ சும்மா இருக்கிறேல்ல.
நடக்க வேணும். பயந்துகொண்டெண்டாலும்
வந்து காட்ட வேணும்."
சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே கேட்டது:
ஒரு "ஆம்" கூடப் போடவில்லை.

சரக்கு என்னுடையதல்ல,
நான் வெறும் கப்பல் என்று சொல்லுகிற
அந்தச் சின்ன வால்
எந்த வசனத்தில் கழன்று விழுந்ததோ.

டொக்டர் பேனையை மூடாமல்
முதல் தடவையாக என்னைப் பார்த்தா.
வயது கேட்டா. ஐம்பத்திமூன்று என்றேன்.
கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்றா,
சுத்தமான, எனக்கு நன்றாக விளங்குகிற
சிங்களத்தில்.

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சிட்டது.
அக்கா என் முழங்கையைத் தட்டினா.

"என்னவாம்?"