இருபத்தொரு துளி

ஐந்நூறு மில்லிலீற்றர் சேலைன்,
எட்டு மணித்தியாலம்,
மில்லிக்கு இருபது துளி விழும் குழாய்.
நிமிடத்துக்கு எத்தனை துளி?

இருபத்தொன்று என்று எழுதினேன்.
மணி அடிக்க ஆறு நிமிடம் கிடக்க
அழித்துவிட்டு இருபது என்று எழுதினேன்.
ஏனென்று என்னைக் கேட்காதையுங்கோ.

பிறகு பஸ்ஸில் கணக்குப் பார்த்தேன்.
இருபது துளியென்றால்
அந்தச் சேலைன் இருபது நிமிடம் பிந்தி முடியும்.
வார்ட்டில் அதற்காக ஒருவரும் சாவதில்லை.
வினாத்தாளில் சாவார்கள்.

பரீட்சைக்கு முந்தின மூன்று மாதமும்
குசினி மேசையில்தான் படிப்பு.
கொப்பியின் ஓரமெல்லாம் மீன் செதில்.
பொட்டாசியம் மூன்று தசம் ஐந்திலிருந்து ஐந்து வரை;
அம்மா புளி கரைத்தபடி
அதைப் பாடமாக்கிவிட்டா.
சரியான நோயாளி, சரியான மருந்து,
சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம்
என்று முணுமுணுத்துக்கொண்டு
அப்பாவின் தேத்தண்ணிக்குள் உப்பைப் போட்டேன்.
அவர் குடித்துவிட்டு
ஓட்டோ துடைக்கப் போனார்.
ஒன்றும் சொல்லவில்லை.
இப்பவும் ஒன்றும் சொல்வதில்லை.

ஒன்பது கிழமையாயிற்று.
காப்பு இன்னும் அடைவில்.
அம்மா றிசல்டைக் கேட்பதில்லை,
"கரண்ட் பில் வந்ததோ" என்றுதான் கேட்கிறா.
நான் "இல்லை" என்கிறேன்.
இரண்டுக்கும் அதுதான் பதில்.

இரவில் குளியலறைக் குழாய் சொட்டுகிறது.
எண்ணுகிறேன். நிமிடத்துக்குப் பதினேழு.
எழும்பிப் போய்
இருபத்தொன்றாகும் வரை திருகியைத் திருப்புகிறேன்.
இதை ஜெபமலருக்கு மட்டும் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
தன்ர சுட்டெண்ணின் இலக்கங்களைக் கூட்டினால்
பதின்மூன்று வருகுதென்று அழுதவள் அவள்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.
அவளுடைய சின்னையாவின் கடையில்தான் இணையம் ஒழுங்காக வேலை செய்யும்.
முதலில் பார்ப்பவள் அவள்.
பாஸ் என்றால் போன் அடிப்பாள்.
பெயில் என்றால் அடிக்கக்கூடாது,
சைக்கிளில் வந்து நேரே சொல்லவேணும்.

இன்றைக்குப் பின்னேரம்
பாசையூர்ச் சந்தையில் மீன் விற்கும்
பிலோமினாக்காவின் காலுக்கு மருந்து கட்டுகிறேன்.
சீனி வருத்தம். குதிக்காலில் புண்,
சங்கின் வாய் போல உள்ளே போகிறது.
போன மாதம் இரண்டு சென்ரிமீற்றர் ஆழம்,
இப்போது ஒன்றரை.
இந்த அரைச் சென்ரிமீற்றரை
எந்தத் தாளிலும் ஒருவரும் கேட்கவில்லை.

"மிஸ்ஸி" என்றுதான் கூப்பிடுவா.
"இன்னும் மிஸ்ஸி ஆகேல்லை அக்கா" என்றால்,
"நீ பாஸோ பெயிலோ,
எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள நடக்கவேணும்.
அறக்குளா வரத்து நல்லாயிருக்கு."

கையுறை போட்டாயிற்று.
பொட்டலம் பிரித்தாயிற்று.
பழைய துணியைச் சேலைனால் நனைத்து
மெல்ல மெல்ல உரிக்கும்போது
யன்னலில் போன் அடிக்கிறது.

இந்தக் கையால் தொடக்கூடாது.
போன் யன்னல் கட்டையில் அதிர்ந்து அதிர்ந்து
ஓரத்துக்கு நகர்கிறது.
பிலோமினாக்கா என்னைப் பார்க்கிறா,
போனைப் பார்க்கிறா.
"எடன் பிள்ளை."
"கை சுத்தம் அக்கா."

நின்றுவிட்டது.
ஜெபமலராக இருக்கலாம்.
காப்பைப் பற்றி வங்கியாகவும் இருக்கலாம்.
புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பு, நல்ல நிறம்.
நடுவிலிருந்து வெளியே, ஒரே பக்கமாக,
ஒரு பஞ்சுக்கு ஒரு துடைப்பு.

அப்போதுதான் ஒழுங்கைக்குள்
ஒரு சைக்கிள் ஸ்ராண்ட் போடுகிற சத்தம்.

அடித்தது எனக்கென்றால் வந்தது ஆருக்கு?
நாங்கள் இரண்டு பேர்,
ஒப்பந்தம் போடும்போது
அதை நினைக்கவேயில்லை.

கேற் கொழுக்கி கிளுக்கென்கிறது.
"ஆரோ வருகினம் போல" என்று
பிலோமினாக்கா எட்டிப் பார்க்கிறா.

"காலை ஆட்டாதையுங்கோ அக்கா,
இன்னும் பாதிப் புண் கிடக்கு."