நாற்பத்தொரு வீட்டுக்கு ஓர் எண்

சிலோயே தீவில் எங்கள் சந்தின்
நாற்பத்தொரு வீட்டுக்கும் ஒரே எண்.
எவனோ சூதாடி ஏய்த்தான்;
ஓர்ஃபெலினா ஹுவென்சூரைத்
திருடி என்று வெளியே தள்ளியது வங்கி.

இன்னோர் எண் கேட்டு
இருபது மாதம் வரிசையில் கிடந்தேன்.
தீர்ந்துவிட்டதாம்.
எண்கூடத் தீருமா என்றாள்,
மட்டி அலசிக்கொண்டே.

இன்று மழையோடு கம்பம் ஏறி
புதியதைக் கொண்டுவந்தேன்.
ஈரத் தாளில் எழுதிக் கொடுத்தேன்:
எண்ணும் எழுத்துமாய் ஒரு முழம்,
நடுவே இரண்டு முக்காற்புள்ளி.
"இங்கே என்ன?"
"சுழியங்கள். எழுத வேண்டாம், இருக்கும்."

"எனக்கு மட்டுமா?"
"உன் கோழிகளுக்கும் தனித்தனியே உண்டு."
"சேவலுக்கு வேண்டாம்.
அது இருக்குமிடம் ஊருக்கே தெரியும்."

பழையதை அணைக்கவில்லை.
அவள் வங்கி இன்னும்
அதில்தான் பேசும்.