ஆயிரத்து நூற்று நாற்பது

நாலாம் குறுக்குத் தெருவில்
வெங்காய மொத்தக் கடையில் தராசு என் வேலை.
பதினேழு வருஷம்.
ஐம்பது கிலோ மூட்டையில்
ஐம்பது நூறு கிராம் முன்பின் இருந்தால்
சருகு என்று விட்டுவிடுவோம்.
ஊதினால் பறக்கிற கணக்கு.

முப்பதாம் வாரத்தில் வந்துவிட்டான்.
யூஜினிக்குப் பிரஷர் ஏறி, பாதம் வீங்கி,
பொரளைக்குப் போகிற த்ரீவீலில்
கண் இருட்டுது என்றாள்.
பிறகு ஒரு கதவு, ஒரு கையெழுத்து, இன்னொரு கதவு.
விடியப்புறம் துண்டில் எழுதித் தந்தார்கள்:
ஆண். 1140.
அலகு எழுதவில்லை.
எனக்கு எழுதத் தேவையில்லை.
ஒரு பொதி சீனி,
மேலே நடுத்தர வெங்காயம் இரண்டு.

கழுவச் சொல்லித் தந்தார் தீபானி மிஸ்.
விரலிடுக்கு, நகக்கண், முழங்கை வரை.
மோதிரம் வெளியே. மணிக்கூடு வெளியே.
மணிக்கட்டில் கொச்சிக்கடைக் கோயில் நூல்,
முந்தாநாள்தான் கட்டினது.
அதைப் பார்த்தார். தமிழ் தேடினார்,
கிடைக்காமல்
கத்தரிக்கோலை நீட்டினார்.
நானே வெட்டினேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள்
நீல வெளிச்சத்தில், கண்ணுக்குத் துணி கட்டி,
வெயில் காய்கிற துரை மாதிரிக் கிடந்தான்.
பெயர் இல்லை.
ஒட்டிய தாளில் 'யூஜினியின் பிள்ளை'.

முதல் நாள் அவள் பிழிந்த பாலில்
கோப்பையின் அடி நனைந்தது, அவ்வளவுதான்.
இதைக் கொண்டுபோக வெட்கமாயிருக்கு என்றாள்.
அந்த ஈரத்தையும் ஊசிக்குழலில் உறிஞ்சி
சொட்டுக் கணக்கு எழுதினார்கள்.
இப்படி ஒரு கணக்கப்பிள்ளையை
புறக்கோட்டையில் நான் கண்டதில்லை.

அவனுக்கு மூச்சு விட மறந்துபோகும்.
மெஷின் கத்தும்.
ஓடிவந்து உள்ளங்காலில் ஒரு சுண்டு.
ஆ, ஞாபகம் வந்துவிட்டது.
அதற்குள் என் முழங்கால் இரண்டும்
என்னுடையவை இல்லை.

ஐந்தாம் நாள் 1060.
எண்பது கிராம் எங்கே?
உங்கட தராசு பிழை மிஸ் என்றேன்.
வோட் முழுக்க திரும்பிப் பார்த்தது.
அவர் கோபிக்கவில்லை.
அலுமாரியிலிருந்து ஒரு கிலோப் படிக்கல் எடுத்து
துடைத்து, தட்டில் வைத்தார்.
1000. சிவப்பு எண் அசையவில்லை.
"வத்துர, ஐயா. தண்ணி போறது.
எல்லாப் பிள்ளைக்கும் போகும். திரும்ப வரும்."
ஈரம் காய்ந்தால் மூட்டை குறையும் என்று
எத்தனை கடைக்காரரோடு
நானே சண்டை பிடித்திருக்கிறேன்.

மூன்றாம் பெட்டியை ஒரு காலையில்
மருந்து போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.
நேற்றுவரை அங்கே ஒரு மஞ்சள் தொப்பி.
நாங்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை.
அன்றைக்கு இரண்டு தரம் கை கழுவினேன்.

பன்னிரண்டாம் நாள் யூஜினிக்குக் காய்ச்சல்.
அப்பா வாங்க என்றார்கள்.
சவர்க்காரம் தேய்த்து இருமுறை குளித்தும்
வெங்காய மணம் போகாத நெஞ்சு இது.
பொத்தானைக் கழற்றிச் சாய்ந்து இருந்தேன்.
குழாய், வயர், தொப்பி, எல்லாவற்றோடும்
தவளைக்குஞ்சு மாதிரி ஒட்டவைத்து
துணியால் இறுக்கிக் கட்டினார்கள்.
அசையக்கூடாது. நாரி பிடித்துக்கொண்டது.
வெளியே மழை, பொரளைச் சந்தியின் ஹோர்ன் சத்தம்.
உள்ளே மெஷினில்
முப்பத்தாறு புள்ளி மூன்று என்றிருந்தது
மெல்ல எட்டுக்கு வந்தது.
அந்த ஒரு மணித்தியாலம் அவன் மறக்கவில்லை.
மிஸ் கேட்டார், பாரமா என்று.
வாய் திறந்தேன்.
எவ்வளவு என்று
சொல்லத் தெரியவில்லை.

திரும்புகிற பஸ்ஸில்
இடது கை சட்டைமேல் அப்படியே வளைந்து கிடந்தது.
நெஞ்சு நோகுதா என்று சிங்களத்தில் கேட்டு
ஒருவர் எழுந்து இடம் தந்தார்.
வேண்டாமென்று சொல்லவில்லை. இருந்துகொண்டேன்.

பத்தொன்பதாம் நாள்.
லொறி இறங்குகிறது, நாட்டாமைகள் கத்துகிறார்கள்,
தட்டில் மூட்டை, காதில் போன்.
"1150" என்கிறாள் யூஜினி.
முதலாளி அங்கிருந்து கேட்கிறார்: எவ்வளவடா?
பொறுங்கோ என்கிறேன்.
விளங்கேல்லை யூஜினி,
இன்னொருக்கால் சொல்லு.